பலாலி வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு

கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, விடியக்காலமை யாழ்ப்பாணம் போய்ச் சேருவதுதான் வெளிநாட்டில் இருக்கும் எங்களில் பலருக்குப் பழகிய வழி. இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பறந்துவிடலாம். அதற்காக எல்லாரும் பலாலியால் போங்கள் என்று சொல்ல மாட்டேன். கலியாணத்துக்குச் சேலை எடுக்கவோ, வைத்தியம் பார்க்கவோ, கோயில் கும்பிடவோ இந்தியாவிலும் அலுவல் இருப்பவர்களுக்கு இது அருமையான வழி. நேரே ஊர், நேரே வீடு என்று திரும்புகிறவர்களும் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டுகிறவர்களும் கொழும்பாலேயே போவது நல்லது.

பெயர் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்றாலும் நீங்கள் இறங்குவது ஒரு படைத்தளத்துக்குள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனபோது இங்கே இறங்கித்தான் போனது. காங்கேசன்துறை விமான நிலையம் என்றுதான் அப்போது சொல்லுவார்கள். பிறகு யுத்தம். 1990இல் பலாலி இருக்கும் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர, சுற்றியிருந்த ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகின. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்துபோனார்கள். திரும்பவும் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 ஒக்ரோபர் 17இல். கொரோனாவோடு நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இன்டிகோ விமான நிறுவனமும் வந்து சேர்ந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. நேர அட்டவணை அடிக்கடி மாறும். பெரிய பயணத்துக்கு ரிக்கற் போடுவதற்கு முதல் இந்தச் சின்னப் பறப்பின் நாளைப் பாருங்கள்.

ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது இந்திய விசாவில். இலண்டன்-சென்னை ஒரு ரிக்கற், சென்னை-பலாலி இன்னொரு ரிக்கற் என்று தனித்தனியாகப் போட்டால், சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, திரும்ப உள்ளே போகவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். வரும்போதும் சென்னையால்தான் வருகிறீர்கள் என்றால் ஒருமுறை நுழையும் விசா போதாது. இரண்டு தரமாவது நுழைய விடுகிற விசாவாக இருக்கவேண்டும். இலங்கைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதியையும் (ETA) புறப்படுவதற்கு முதலே எடுத்து அச்சடித்து வைத்திருங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டி நாட்டுக்குள் போகலாம். இந்திய விசா மற்றக் கடவுச்சீட்டில் இருக்கும். ஆகவே சென்னையில் பெட்டி போடும்போதே இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள், பிறகு தேவையில்லாத விளக்கம் சொல்ல வேண்டிவராது.

அடுத்தது நிறை. இந்த வழியில் ஓடுவது ஏரிஆர் எனும் சின்ன, காற்றாடி வைத்த விமானம். கனடாவிலிருந்து இரண்டு பெட்டி 23 கிலோப்படி கொண்டுவந்தவரை இது அப்படியே ஏற்றாது. மிச்சத்துக்குக் காசு கட்டவேண்டும், அதுவும் கவுண்டரில் கட்டினால் இன்னும் அதிகம். ரிக்கற்றில் உள்ள அளவைப் பார்த்து, மேலதிக கிலோவை இணையத்திலேயே முன்கூட்டி வாங்குங்கள். கைப்பையும் சின்னதாக இருக்கட்டும், தலைக்கு மேலே உள்ள தட்டில் பெரிய பை போகாது.

யன்னல் இருக்கை கேளுங்கள். ஏரிஆருக்குச் செட்டை மேலே இருப்பதால் எந்த யன்னலிலும் கீழே நல்லாய்த் தெரியும். கடல் முடிந்து கரை வந்ததும் வலிகாமத்துச் செம்மண், வெங்காயத் தறை, பனைகள், இடையிடையே பற்றை மூடிப்போன காணிகள். அந்தப் பற்றைகளுக்குள் தங்கள் வீட்டுக் கிணற்றைத் தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இறங்கியபிறகு கமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். படைத்தளத்தைப் படம் எடுப்பது சட்டப்படி குற்றம், ட்ரோன் பேச்சே வேண்டாம்.

கூட்டிப்போக வருகிற உறவுக்காரர் அடையாள அட்டை கொண்டுவரட்டும். யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 17 கிலோமீற்றர். வானோ ஓட்டோவோ முதல்நாளே பேசி வையுங்கள், வாசலில் பேரம் பேசினால் வெளிநாட்டு விலைதான். காசு மாற்றுவதையும் சிம் வாங்குவதையும் நிலையத்தை நம்பி விடாதீர்கள், ரவுணில் செய்யலாம்.

வசாவிளான், மயிலிட்டிப் பக்கம் சொந்தக் காணி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. வசாவிளான்-பலாலி வீதியை 2025 ஏப்ரலில் நிபந்தனையோடு திறந்தார்கள். அப்போது சொன்ன நிபந்தனை: காலை 6 முதல் மாலை 5 வரை, இடையில் நிறுத்தக்கூடாது, நடக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. படையினரிடமிருந்து காணி விடுபட்டதா, பாதை எது என்று போக முதல் பிரதேச செயலகத்திலோ கிராம சேவகரிடமோ கேளுங்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017இலேயே விடுபட்டுவிட்டது. மீன் வாங்க அங்கே தாராளமாகப் போகலாம். கீரிமலையும் மாவிட்டபுரமும் அதே சுற்றில் வரும்.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் சென்னையில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். 2023இலும் 2024இலும் புயலுக்குச் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். தனித்தனி ரிக்கற் என்றால் தவறிய பெரிய பறப்புக்கு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

திரும்பும்போது அம்மா இடித்துத் தருகிற மிளகாய்த்தூளையும் ஊறுகாயையும் பெரிய பெட்டிக்குள்ளேயே வையுங்கள். இந்திய விமான நிலையங்களில் மிளகாய்த்தூளைக் கைப்பையில் விடுவதில்லை. சென்னையில் பெட்டி மாறும் அவசரத்தில் நிறை குறைக்கவென்று அதைக் கைப்பைக்கு மாற்றினால், சோதனையில் பறித்துப் போட்டுவிடுவார்கள்.