மேல்படியில் முட்டுக்கொடுத்து நிற்கிற கேட் வேண்டாம்

மார்த்தாண்டம், தக்கலை பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வருகிற பெண்களுக்கும், கைப்பிள்ளையோடு பின்னால் வருகிற என்னைப் போன்ற கணவன்மார்களுக்கும் இதை எழுதுகிறேன். வந்ததும் ஜி.பி.யிடம் (வட்டாரக் குடும்ப மருத்துவர்) பிள்ளையின் பெயரைப் பதியுங்கள், ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். வாடகை வீட்டுக்கு டெபாசிட் கொடுத்தால், 30 நாளுக்குள் வீட்டுக்காரரோ ஏஜென்டோ அதை அரசு அங்கீகரித்த திட்டத்தில் போட்டு உங்களுக்கு விவரம் தந்தாக வேண்டும். இதையெல்லாம் யாராவது சொல்லித்தருவார்கள். மாடிப்படியைப் பற்றித்தான் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

நம்மூரில் மாடிப்படி பெரும்பாலும் மொட்டைமாடிக்குத்தான். நல்லமிளகு காயப்போட ஏறுவோம், மழை வந்தால் ஓடிப்போய் வாருவோம். கீழே ஒரு கிரில் கதவு இருக்கும், இல்லையென்றால் பெஞ்சைப் போட்டு மறித்துவிடுவோம். போதாததற்கு, பிள்ளை மேல் ஒரு கண் வைக்க பாட்டியோ சித்தியோ எப்போதும் இருப்பார்கள். இங்கே சமையலறை கீழே, படுக்கையும் குளியலறையும் மேலே. ஒரு நாளைக்குப் பத்து முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். முதல் நாள் எங்கள் வீட்டுப் படியைப் பார்த்ததும் பத்மநாபபுரம் அரண்மனையின் ஒடுங்கிய மரப்படிதான் ஞாபகம் வந்தது. அங்கே வெறுங்காலோடு பார்த்துப் பார்த்து ஏறுவோம். இங்கே கார்ப்பெட்டின் மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓடுகிறோம். வழுக்குமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

மகள் தவழ ஆரம்பித்ததும், படிப் பக்கம் போகாமல் மறிக்கிற கேட் வாங்கப் போனேன். இரண்டு வகை உண்டு. ஒன்றைச் சுவரில் திருகாணி போட்டு மாட்ட வேண்டும். இன்னொன்றுக்குத் துளையே வேண்டாம், இரண்டு பக்கமும் முறுக்கினால் சுவரோடு முட்டிக்கொண்டு நிற்கும். வீட்டு ஏஜென்ட் சாவி கொடுத்த அன்றே, சுவரில் ஆணி அடித்தால் டெபாசிட்டில் பிடிப்போம் என்று சொல்லியிருந்தார். சரி, துளை போடாத வகையே போதும் என்று இரண்டு வாங்கி, கீழ்ப்படியில் ஒன்றும் மேல்படியில் ஒன்றும் வைத்தேன். காசை மிச்சம் பிடித்த பெருமை வேறு.

அந்த வகைக்குக் கதவைத் திறந்தாலும் கீழே குறுக்காக ஒரு கம்பி கிடக்கும். ஒரு அங்குல உயரம்கூட இருக்காது. ஒரு நாள் இரவு இரண்டு மணி, மனைவிக்கு நைட் டியூட்டி. பால் கலக்க 11 மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பெருவிரல் அந்தக் கம்பியில் தட்டியது. அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகாலேயே ஏழு படி போனேன். அவளுக்கு உதடு கிழிந்தது, எனக்கு வால் எலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தீர்கள் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். நான்தான் தள்ளிவிட்டேன் என்று நினைக்கிறார்களோ என்று உள்ளுக்குள் கொதித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அடிபட்டால் அப்படித்தான் கேட்பார்கள் என்று மனைவி பிறகு சொன்னாள். அவள் வேலையும் அதுதானே.

அதனால் மேல்படிக்குத் திருகாணி போட்டு மாட்டுகிற, கீழே கம்பி இல்லாத கேட் மட்டும் வாங்குங்கள். முட்டுக்கொடுக்கிற வகையைப் பிள்ளை சாய்ந்து தள்ளினால் பெயர்ந்து வரவும் கூடும், அது கீழ்ப்படியோடு இருக்கட்டும். மேல் கேட்டின் கதவு அறைப் பக்கம் திறக்க வேண்டும், படிப் பக்கம் திறக்கக் கூடாது. பல வீடுகளில் உள்சுவர் வெறும் ஜிப்சம் பலகை. தட்டிப் பார்த்து, உள்ளே மரச்சட்டம் இருக்கிற இடத்தில் திருகாணியை ஏற்றுங்கள். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 6.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பலகையோ வலையோ கட்டுங்கள். ஊரிலிருந்து நடைவண்டி கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு: மரத்தில் செய்த தள்ளுவண்டி என்றால் கீழ்த்தளத்தில் கண்ணெதிரே மட்டும். உட்கார்ந்து உருளுகிற பிளாஸ்டிக் வாக்கர் வேண்டவே வேண்டாம், கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். தலையில் அடிபட்டால் மருத்துவ ஆலோசனை எண் 111-க்குப் போன் செய்து கேளுங்கள். மயக்கமோ திரும்பத் திரும்ப வாந்தியோ வந்தால் யோசிக்காமல் அவசர உதவி எண் 999.

அப்புறம் அந்த ஏஜென்ட். விழுந்த மறுவாரம், பிள்ளைக்காக நாலு துளை போடலாமா என்று இரண்டு வரி மெயில் அனுப்பினேன். ‘போடலாம், காலி செய்யும்போது அடைத்துவிடுங்கள்’ என்று மறுநாளே பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரம்! கேட்காமல் இருந்தது நான்தான், யாரைத் திட்ட?

இப்போது மகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. கேட்டின் மேலேயே கால் போட்டு ஏற ஆரம்பித்தாள், அதனால் கழற்றிவிட்டோம். குப்புறப் படுத்துக் காலை முதலில் விட்டு இறங்கப் பழக்கியிருக்கிறோம், ஒருவர் ஒரு படி கீழேயே நிற்கிறோம். சுவரில் நாலு துளை அப்படியே இருக்கிறது. அடைக்க வாங்கிய பசை டியூப் இன்னும் சமையலறை டிராயரில் கிடக்கிறது.