காத்ர் போர்ன் சந்தையில் காய்கறி வாங்கச் செல்வோருக்கு

மொரிஷியஸின் காத்ர் போர்ன் சந்தைக்குப் புறப்படுமுன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதனும் சனியும் காய்கறிக்கு உரியவை, வியாழனும் ஞாயிறும் துணிமணிகளுக்கு உரியவை. மெட்ரோ ரயில் 2021 முதல் இவ்வூர்வரை ஓடுவதால், வண்டியை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

கீரை வாங்குவோர் காலையிலேயே போய்விடுவது நல்லது. முருங்கைக்கீரைக் கட்டைக் கையில் எடுத்து இலேசாக உதறிப் பாருங்கள். இலைகள் பொலபொலவென உதிர்ந்தால் அது முந்தைய நாள் பறித்தது என்று அறியலாம். மேலே பச்சையாகத் தெரிந்தாலும் கட்டின் நடுப்பகுதி பழுத்திருக்கக்கூடும் என்பதால், பிரித்துப் பார்க்கத் தயங்க வேண்டாம். நல்ல வியாபாரி அதைத் தவறாக எண்ணமாட்டார். சொல்லப்படும் விலை பல கடைகளில் அரைக் கிலோவுக்கானது என்பதால், எடை போடுமுன் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தைப்பூச விரதம் புயல் பருவத்தில் வருகிறது. பெருமழை பெய்துவிட்டால் தக்காளியும் கீரையும் சட்டென்று விலையேறிவிடும். ஆகவே விரதம் இருக்கும் வீட்டார், சில நாட்கள் தாங்கக்கூடிய பூசணியையும் சேப்பங்கிழங்கையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். நெகிழிப் பைகளுக்கு 2016 முதல் நாட்டில் தடை உள்ளதால், துணிப்பையோ கூடையோ கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.