முடி மாற்று சிகிச்சை நாளில் என்ன நடக்கும்?

முதல் விஷயம், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொண்டு போங்கள். புதிதாக நட்ட முடிமீது உரசாமல் கழற்றலாம்.

மயக்க மருந்து தலைத்தோலுக்கு மட்டும்தான். அந்த ஊசி போடும் நேரம்தான் அன்று முழுவதிலும் அதிகம் வலிக்கும். சில நிமிடங்கள் சுருக் சுருக்கென்று எரியும், பிறகு மரத்துப்போகும். பின்தலையிலிருந்து ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட சிறு கொத்துகளாக எடுத்து, முன்னால் நுண்ணிய துளைகளில் ஒவ்வொன்றாக நடுவார்கள். விழித்தே இருப்பீர்கள். பெரும்பாலும் 4 முதல் 8 மணி நேரம் ஆகும். நடுவில் சாப்பிட இடைவேளை கிடைக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரண்டு, மூன்று நாளில் நெற்றி வீங்கி கண்ணிமை வரை இறங்கலாம். தலையணையை உயர்த்தி மல்லாந்து படுங்கள். பொருக்குகள் 7 முதல் 10 நாளில் தானாக உதிரும், நகத்தால் கிள்ளவே கூடாது.

பலரும் பதறுவது இதற்குத்தான்: 2 முதல் 6 வாரங்களுக்குள் நட்ட முடி கொட்டிவிடும். வேர் உள்ளே பத்திரமாக இருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடியாக எட்டிப்பார்க்கும். முழு அடர்த்தி தெரிய ஓர் ஆண்டாவது ஆகும்.