என்லித் தீவில் ஒரு வாரம்: படகிலிருந்து திட்டமிடத் தொடங்குங்கள்

வேல்ஸின் வடமேற்கில் லீன் தீபகற்பம் முடியும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் என்லித் தீவு. ஆங்கில வரைபடங்களில் பார்ட்ஸி என்று தேடுங்கள். 6ஆம் நூற்றாண்டில் புனித காட்வான் இங்கே மடம் அமைத்தார் என்பது மரபு. 20,000 புனிதர்கள் இந்த மண்ணில் புதைக்கப்பட்டிருப்பதாக நம்பிக்கை. மூன்று முறை என்லி யாத்திரை போனால் ஒரு முறை ரோமுக்குப் போன பலன் என்று இடைக்காலத்தில் சொல்வார்கள். விசா, விமானம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அதற்கு அப்பால் இருப்பதை எழுதுகிறேன்.

1. ஒரு நாளா, ஒரு வாரமா?

காலையில் போய் மாலையில் திரும்பும் படகில் போனால் தீவில் நான்கு மணி நேரம் போலக் கிடைக்கும். 13ஆம் நூற்றாண்டு மடத்தின் கோபுரச் சிதைவையும் 167 மீட்டர் உயரமுள்ள மலையையும் பார்க்க அது போதும். ஆனால் என்லியின் உயிர் இரவில்தான் இருக்கிறது. அதனால் ஒரு வாரம் தங்குங்கள் என்பேன். தீவைப் பராமரிக்கும் அறக்கட்டளை 19ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீடுகளைச் சனி முதல் சனி வரை வாடகைக்கு விடுகிறது. பறவை ஆய்வு நிலையத்திலும் தங்கலாம். தனியாகப் போகிறவர்களுக்கு அதுவே மேல்.

2. அமாவாசை பாருங்கள்

நம் வீட்டு நாள்காட்டி இங்கே நன்றாகவே உதவும். மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் இந்தத் தீவின் வளைகளில் முட்டையிடுகின்றன. தரையில் அவற்றால் சரியாக நடக்க முடியாது. தங்களைத் தின்னும் பெரிய கடற்காகங்களுக்கு அஞ்சி, நிலவில்லாத இருட்டில்தான் கரைக்கு வருகின்றன. தலைக்கு மேல் அவை கரகரத்துக் கத்துவதை ஒரு முறை கேட்டால் மறக்கவே முடியாது. 2023இல் ஐரோப்பாவின் முதல் சர்வதேச இருள்வானச் சரணாலயமாகவும் என்லி அங்கீகரிக்கப்பட்டது. ஜூனில் அந்த வடக்கு வானம் முழுதாக இருட்டுவதே இல்லை. மே அல்லது ஆகஸ்ட் அமாவாசையை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

1821இல் கட்டிய சதுரக் கலங்கரை விளக்கத்தில் இப்போது எரிவது சிவப்பு விளக்கு. முன்பிருந்த வெள்ளை ஒளியில் மயங்கி மோதிப் பறவைகள் மடிந்துகொண்டிருந்தன. நீங்களும் சிவப்பு ஒளி உள்ள தலைவிளக்கையே வாங்குங்கள்.

3. படகு: எல்லாம் இதைப் பொறுத்தது

அபெர்டாரன் கிராமத்துக்கு அருகே போர்த் மெய்டுவி என்ற சிறு குடாவிலிருந்து படகு கிளம்பும். பயணம் அரை மணிக்கும் குறைவு. ஆனால் டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை ரயில் நேரம் போல எடுத்துக்கொள்ளாதீர்கள். தீவுக்கும் நிலத்துக்கும் இடையிலான நீரிணையில் ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) மாறும்போதெல்லாம் நீரோட்டம் சீறிப் பாயும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் இன்னும் கூடும். அதற்கு எதிராகக் காற்றும் அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும், படகு போகாது. வெயில் அடிக்கிற நாளிலும் போகாது. கரையில் நின்று பார்க்கும்போது கடல் அமைதியாகத் தெரிவதால் புதியவர்களுக்கு இது புரிவதே இல்லை.

ஆகவே மழை காட்டும் கைப்பேசிச் செயலியை விட்டுவிட்டு, பிரிட்டிஷ் வானிலைத் துறை வெளியிடும் கரையோரக் கடல் அறிவிப்பில் காற்றின் திசையையும் வேகத்தையும் பாருங்கள். முந்தைய நாள் படகுக்காரரிடம் தொலைபேசியில் பேசுங்கள். கடைசி முடிவு அவருடையது. முக்கியமாக, திரும்பும் சனிக்கிழமைக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் விடுங்கள். தேதி மாற்ற முடியாத மலிவு ரயில் டிக்கெட்டை வாங்காதீர்கள்.

4. அபெர்டாரன் வரை

பர்மிங்காமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக ரயிலில் புல்ஹெலி. மகன்லெத் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மறுபாதி புல்ஹெலிக்கு. சரியான பெட்டியில் இருக்கிறீர்களா என்று நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். புல்ஹெலியிலிருந்து அபெர்டாரனுக்கு பஸ். வெள்ளி இரவே அபெர்டாரனில் தங்குங்கள். கடலோரத்தில் இருக்கும் புனித ஹவின் ஆலயத்தையும், யாத்ரிகர்கள் உணவருந்திய பழைய சமையற்கூடத்தையும் பாருங்கள். அது இன்று உணவகமாக இயங்குகிறது. வெல்ஷ் இங்கே கடைத்தெருவின் அன்றாட மொழி. காலையில் 'போரெ டா', நன்றி சொல்ல 'டியோல்ஹ்'. இந்த இரண்டையாவது தயங்காமல் சொல்லுங்கள்; முகங்கள் மலரும்.

5. மூட்டை கட்டுதல்

தீவில் மளிகைக் கடை கிடையாது. மின்கம்பி வரவில்லை. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, மட்கு உரம் ஆகும் வகை. சமையல் காஸ் அடுப்பில். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்ப்பொடி எல்லாம் கொண்டு போனால் ஒரு வாரம் சுகமாகச் சமைக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் இன்னும் மூன்று நாளுக்கான உணவு கட்டாயம் இருக்கட்டும். தண்ணீர் புகாத பைகளே நல்லது; சக்கரப் பெட்டி அந்தக் கரையில் பயன்படாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் போர்த் மெய்டுவியில் காரைக் கடற்கரை வரை ஓட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். முடியாது. வாகன நிறுத்தம் மேலே இருக்கிறது. அங்கிருந்து இறக்கத்தில் நடக்க வேண்டும். முதியவர்களோடு போகிறவர்கள் படகைப் பதிவு செய்யும்போதே இதைச் சொல்லி, என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.