ஃபாக், மிஸ்ட், ஹேஸ் குழப்பமா? இத ஞாபகம் வச்சுக்கோங்க

ஃபாக், மிஸ்ட் ரெண்டுமே காத்துல மிதக்குற குட்டி குட்டி நீர்த்துளிங்கதான், வித்தியாசம் எவ்ளோ தூரம் கண்ணுக்குத் தெரியுதுங்கறதுல இருக்கு, 1 கிலோமீட்டருக்குக் கம்மியா தெரிஞ்சா ஃபாக், அதுக்கு மேல தெரிஞ்சா மிஸ்ட். ஹேஸ்ல தண்ணிக்கு வேலையே இல்ல, தூசி, புகை, உப்புத் துகள்னு எல்லாமே காய்ஞ்ச சமாச்சாரம்.

ஸ்மாக் ரொம்ப சுலபம், ஸ்மோக்கையும் ஃபாக்கையும் ஒட்டவச்ச வார்த்தை. 1905-ல லண்டன்ல டெஸ் வோ-ன்னு ஒரு டாக்டர், நிலக்கரிப் புகை கலந்த பனிமூட்டத்தப் பத்திப் பேசும்போது சொன்னதுக்கு அப்புறம்தான் இது பரவுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மிஸ்ட்தான். பழைய ஆங்கிலத்துலேயே இருந்த சொல், சமஸ்கிருதத்துல மூடுபனியக் குறிக்கிற 'மிஹ்' இதோட தூரத்துச் சொந்தம்னு மொழி ஆய்வாளர்கள் சொல்றாங்க, எவ்ளோ அழகான உறவு பாருங்க!

இன்னொண்ணு, விமான நிலைய வானிலை ரிப்போர்ட்ல 'பிஆர்'னு பாத்தா அது மிஸ்ட், ப்ரூம்ங்கற பிரெஞ்சு வார்த்தையில இருந்து வந்த சுருக்கம். அந்த ப்ரூமோட மூலம் லத்தீன் 'ப்ரூமா', அதுக்கு அர்த்தம் குளிர்காலம்.