கண் சிவந்ததும் சொட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

எங்கள் கிளினிக்கில் புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது லென்ஸ் மாற்றிப் பவர் பார்ப்பதை இல்லை. "பையைத் திறந்து காட்டச் சொல்லுப்பா" என்பதைத்தான். விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் கையில் ஒரு மஞ்சள் பையோ மெடிக்கல் கவரோ இருக்கும். உள்ளே பழைய சீட்டு, பாதி தீர்ந்த சொட்டு மருந்து, யாரோ கொடுத்த ஆயின்மென்ட் எல்லாம் கிடக்கும். பிள்ளைகள் அதைக் கேட்பதே இல்லை. "என்ன பண்ணுது, எத்தனை நாளா" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழுத்துப் பலகைக்குப் போய்விடுவார்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்கினோம் என்பதால் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் பல நேரம் அந்தப் பைக்குள் இருப்பதுதான் நோய்க்கே காரணம்.

இருட்டில் செல்போன் பார்க்காதே, கீரை சாப்பிடு, வெல்டிங் பொறியைப் பார்க்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு

பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். "போர்டு தெரியலைங்கறான் சார், கண்ணாடி போடணும் போல" என்றார் அம்மா. எந்த லென்ஸை வைத்தாலும் அவனால் நடு வரிசையைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. கண் அழுத்தம் பார்த்தால் 38. அது 10 முதல் 21-க்குள் இருக்க வேண்டியது. பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் தெரியும் கறுப்பு வட்டத்தை, மருந்து விட்டு விரித்துப் பார்த்த டாக்டர், லென்ஸின் பின்பக்கத்தில் புரை படர்ந்திருப்பதையும் பார்வை நரம்பு குழி விழுந்திருப்பதையும் எழுதினார். பதினாறு வயதில் புரையும் கண் நீர் அழுத்த நோயும் (கிளாக்கோமா)!

பையைத் திறந்தோம். மை அழிந்துபோன ஒரு 5 மில்லி சொட்டு மருந்து. "சின்ன வயசுலேருந்து கண்ணு அரிக்கும் சார், தேய்ச்சுக்கிட்டே இருப்பான். மெடிக்கல்ல குடுத்தாங்க. போட்டா உடனே கேட்கும். தீர்ந்தா அதே பாட்டிலைக் காட்டி வாங்கிக்குவோம்." வீட்டில் அதற்கென்று ஓர் இடமே இருந்ததாம், பிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் தட்டில். அக்கறை இல்லாத தாய் செய்கிற காரியமா இது?

"உடனே கேட்கும்" என்பதுதான் வில்லங்கம். வெயில் காலத்தில் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, கண் அரித்துச் சிவந்து நூல் நூலாகப் பீளை கட்டும் ஓர் ஒவ்வாமை உண்டு. வருடா வருடம் வரும், பெரும்பாலும் பருவ வயது தாண்டினால் தானாகக் குறையும். அதற்கு ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து, கலந்த சொட்டைப் போட்டால் மறுநாளே கண் வெள்ளையாகிவிடும். நிறுத்தினால் திரும்ப அரிக்கும். திரும்பப் போடுவார்கள். இப்படியே வருடங்கள் போகும்.

உள்ளே நடப்பது வேறு. கண்ணுக்குள் ஒரு நீர் எப்போதும் ஊறிக்கொண்டும், கருவிழியின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற திசு வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். ஸ்டீராய்டு அந்த வடிகாலை மந்தமாக்குகிறது. ஊறுவது ஊறும், வடிவது குறையும், அழுத்தம் ஏறும். வலிக்காது, சிவக்காது. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து தேயும். நடுப் பார்வை கடைசிவரை இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. புரையை அறுவை செய்து எடுத்துவிடலாம். தேய்ந்த நரம்பைத் திருப்பிக் கொண்டுவர இன்றுவரை எந்த மருந்தும் இல்லை.

இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக ஏறும் என்பதை 1960-களிலேயே அமெரிக்காவில் ஆர்மலி, பெக்கர் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் தனித்தனியாகச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். குடும்பத்தில் கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், சர்க்கரைக்காரர்கள், கிட்டப்பார்வைக்கு அதிகப் பவர் போடுகிறவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். நீங்கள் அந்த ஐந்தாறு பேரில் ஒருவரா என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும்; அதனால்தான் டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் இடையில் வரச்சொல்லி அழுத்தம் பார்க்கிறார். மெடிக்கல் கவுன்டரில் அந்தக் கருவி கிடையாது.

எங்கள் பக்கம் இன்னொரு வகையும் உண்டு. நெல் அடிக்கும்போது சுணை பட்டது, கரும்புச் சோகை கண்ணில் கிழித்தது என்று வருவார்கள். கருவிழியில் விழுந்த சின்னக் கீறலில் பூஞ்சை இறங்கிவிடும். மதுரைப் பகுதியில் 1990-களில் நடந்த ஆய்வில், கிருமி கண்டறியப்பட்ட கருவிழிப் புண்களில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பூஞ்சைதான் காரணம். பூஞ்சைக்கு நேட்டாமைசின் என்று தனிச் சொட்டு இருக்கிறது. மணிக்கொரு தடவை, வாரக் கணக்கில் போட வேண்டும். இவர்களுக்குக் கவுன்டரில் கிடைப்பதும் அதே ஸ்டீராய்டு சொட்டுதான். அது உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் இரண்டு நாள் வலி குறைந்த மாதிரி இருக்கும். பூஞ்சைக்கோ கேட்பாரே இல்லை. எங்களிடம் வரும்போது கருவிழி நடுவில் வெள்ளையாகிவிட்டிருக்கும். ஊரில் "கண்ணில் பூ விழுந்துடுச்சு" என்பார்கள். பலருக்கு அப்புறம் கருவிழி மாற்று அறுவைதான் வழி.

தெரிந்த மெடிக்கல்காரர் ஒருவரிடம் ஒருமுறை இதைச் சொல்லிச் சண்டையே போட்டேன். "டாக்டர்கிட்ட போனா முந்நூறு, போக வர பஸ், ஒருநாள் கூலி போச்சு. இங்க நாற்பது ரூபாய்ல முடியுது. நான் குடுக்கலைன்னா பக்கத்துக் கடையில வாங்குவாங்க" என்றார். கூலி போகிற கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத பட்டியலில் இருக்கிற மருந்து அது. அந்தப் பையன் வாழ்நாள் முழுக்க அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டுக்குச் செய்யப்போகும் செலவு நாற்பது ரூபாய்க் கணக்கில் வருவதில்லை. இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃபுளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், டைஃபுளுபிரெட்னேட் இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்டீராய்டு. பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாடிக்கோடு கலந்து வரும். பல கம்பெனிகள் வெறும் ஆன்டிபயாடிக் சொட்டுக்கு ஒரு பெயரும், ஸ்டீராய்டு கலந்ததற்கு அதே பெயரோடு "டி" அல்லது "டிஎக்ஸ்" என்ற வாலும் வைக்கின்றன. அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் கொடுப்பவரும் உண்டு, வாங்குபவரும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, புரை அறுவைக்குப் பிறகு டாக்டர் எழுதிய சொட்டை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அதிலும் ஸ்டீராய்டு இருக்கும், இருக்கத்தான் வேண்டும். கண்ணுக்குள் அழற்சி வந்தவர்களுக்கும் கருவிழி மாற்றியவர்களுக்கும் அதுதான் பார்வையைக் காப்பாற்றுகிறது. ஆறு வேளை, நாலு வேளை, இரண்டு வேளை என்று படிப்படியாகக் குறைத்து நிறுத்த ஒரு முறை இருக்கிறது. அந்தக் கணக்கு முடிந்ததும் மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆன சொட்டு எதுவானாலும் குப்பைதான். அடுத்தமுறை பேரனுக்குக் கண் சிவக்கும்போது எடுத்து ஊற்றுவதற்காக வைத்திருக்காதீர்கள்.

முகம் வெளுக்க என்று வாங்கும் சில கிரீம்களிலும் ஸ்டீராய்டு உண்டு. இமையில் தினமும் தடவினால் அதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

மெட்ராஸ் ஐ

அடினோ வைரஸ் வேலை. இந்த நோய் 1918-இல் சென்னையில் கண்டறியப்பட்டதாகச் சொல்லப்படுவதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பார்த்தால் ஒட்டாது, தொட்டால் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்குத்தான் உதவும். துண்டு, தலையணை தனி, கை கழுவுவது, ஓரிரு வாரப் பொறுமை, இதுதான் வைத்தியம். ஒரே சொட்டு பாட்டிலை வீடு முழுக்கச் சுற்றுக்கு விடுவதுதான் தவறு. வலியோ மங்கலோ சேர்ந்தால் அது மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு

கண்ணுக்குள் எதுவும் வேண்டாம்.

"புரை முற்றட்டும்"

பழைய அறுவை முறையில் புரை நன்றாக முற்றிய பிறகுதான் எடுப்பார்கள். அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் சுற்றுகிறது. இப்போது லென்ஸை உள்ளேயே நுணுக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்றி இறுகிய புரைதான் அதற்குக் கஷ்டம். ரொம்ப முற்றினால் கண்ணுக்குள்ளேயே கசிந்து திடீரென்று அழுத்தம் ஏறித் தலையும் கண்ணும் சேர்ந்து வலிக்கும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டதா, அதுதான் அறுவைக்கு நேரம். பெரியவர்கள் "எனக்கு என்ன, வீட்டுக்குள்ளதானே இருக்கேன்" என்று தள்ளிப்போடுவார்கள். அந்த வீட்டுக்குள்தான் தடுக்கி விழுந்து இடுப்பு உடைகிறது.

நாற்பது வயதுக் கண்ணாடி

பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கும் வெள்ளெழுத்து எல்லாருக்கும் வரும். பிளாட்பாரத்தில் வாங்கும் ரெடிமேட் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது, அந்தப் பயம் வேண்டாம். எழுத்து தெரிந்துவிட்டதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போவதுதான் நஷ்டம். கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் முதன்முதலாகப் பார்க்க வேண்டிய வயது அது. சர்க்கரை இருந்தால் தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, உள்ளே ரத்தக் கசிவோடு உட்கார்ந்திருக்கும் ஆட்களை நாங்கள் பார்க்கிறோம். "நல்லாத்தானே தெரியுது தம்பி" என்பதை நான் பரிசோதனையாக எடுத்துக்கொள்வதில்லை.

"கண்ணாடி போட்டா பவர் ஏறிடும்"

ஏறாது. பிள்ளை வளர்கிறது, கண்ணும் நீள்கிறது, பவர் அதனால் ஏறுகிறது. ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண்ணின் குறையைக் கவனிக்காமல் விட்டால்தான் அந்தக் கண்ணை மூளை பழக்கத்திலிருந்து விலக்கிவிடும். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டும் முழுப் பார்வை வருவது கடினம். பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு தடவை காட்டுங்கள். தினம் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுவதில் அதற்குப் பங்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

கண்ணில் சுண்ணாம்பு

தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி, குழந்தை கை, பொட்டென்று கண்ணில். தண்ணீர். அந்த நொடியே, குழாயடியிலேயே, இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் விடாமல். அப்புறம்தான் ஆட்டோ.

கண்ணில் மின்னல் அடித்தால்

திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கொத்தாகப் பறந்தால், ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டினால், திரை இறங்கின மாதிரி ஒரு பக்கம் மறைந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே போங்கள். பைக்கை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள். பாப்பாவை விரித்துத்தான் பார்ப்பார்கள், வெளியே வந்ததும் நாலைந்து மணி நேரத்துக்கு வெயில் கூசும், எழுத்து மங்கும்.