வாடிக்கையாளருக்கு டேட்டா காட்ட எந்த இணைய அமைப்பு? முதல்முறை தேடுபவர்களுக்கு

ஆர்டர் நிலவரம், இன்வாய்ஸ், ஸ்டாக் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தால், என்றாவது ஒருவருடைய கோப்பு இன்னொருவருக்குப் போய்விடும். நான் அப்படி அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

படி 1: மென்பொருள் பட்டியலைத் தேடும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்த டேட்டா, எவ்வளவு அடிக்கடி மாறும், யார் பார்க்கலாம், பார்த்தால் மட்டும் போதுமா அல்லது அவர்களும் ஏதாவது பதிவேற்றவேண்டுமா? நான்கே கேள்விகள்தான்.

படி 2: வகையை முடிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை சில பிடிஎஃப் கோப்புகள்தான் என்றால் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போதும். சொந்த சர்வரில்தான் இருக்கவேண்டும் என்றால் நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது. 2016இல் ஓன்கிளவுட் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள். தினமும் மாறும் எண்கள் என்றால், உங்கள் டேட்டாபேஸோடு இணைந்து, லாகின் செய்து பார்க்கும் போர்ட்டல் வேண்டும். வாடிக்கையாளரின் மென்பொருளே டேட்டாவை நேராக எடுத்துக்கொள்ள ஏபிஐ, அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி. யாரும் கேட்காதவரை அதைத் தொடாதீர்கள்.

படி 3: அனுமதியைச் சோதியுங்கள். விற்க வருபவர் அழகான வரைபடங்களைக் காட்டுவார். நீங்கள் இதைச் செய்யுங்கள்: சோதனைக் கணக்கில் இரண்டு போலி வாடிக்கையாளர்களை உருவாக்கி, ஆளுக்கொரு இன்வாய்ஸ் போடுங்கள். முதலாமவராக உள்ளே போய் அவருடைய இன்வாய்ஸைத் திறங்கள். முகவரிப் பட்டையில் 1041 என்று எண் தெரிந்தால், அதை 1042 என்று மாற்றிப் பாருங்கள். அடுத்தவருடையது திறந்தால் அந்த அமைப்பு வேண்டாம். இது அபூர்வமான ஓட்டை இல்லை. இணையச் செயலிகளின் பாதுகாப்பு அபாயங்களுக்காக ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு 2021இல் வெளியிட்ட பட்டியலில் அனுமதிக் குறைபாடுதான் முதலிடம்.

அப்புறம், அந்த இணைப்பை நகலெடுத்து, லாகின் இல்லாத வேறொரு பிரவுசரில் ஒட்டுங்கள். லாகின் பக்கம் வரவேண்டும். ‘இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற வசதி கோப்புப் பகிர்வில் சுலபமானது, ஆனால் அந்த இணைப்பு யார் யார் கைக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. வாடிக்கையாளர் நிறுவனத்துக்கே ஒரு பொதுக் கடவுச்சொல் கொடுப்பதும் அப்படித்தான். வேலையை விட்டுப் போனவரும் உள்ளே வருவார். ஆளுக்கொரு கணக்கு, இரண்டு படி சரிபார்ப்பு, யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவு, மூன்றும் இருக்கட்டும்.

படி 4: கட்டணத்தைக் கணக்கிடுங்கள். பயனர் ஒருவருக்கு இவ்வளவு என்றால், வாடிக்கையாளரும் பயனர் கணக்கில் வருவாரா என்று கேளுங்கள். பத்து ஊழியர்களுக்கு மலிவாகத் தெரிந்தது முந்நூறு வாடிக்கையாளர்களோடு வேறு தொகையாகிவிடும். விலகும்போது எல்லாவற்றையும் சிஎஸ்வியாக (எக்செலிலும் திறக்கும் எளிய கோப்பு) எடுக்க முடியுமா என்பதையும் இப்போதே செய்து பாருங்கள்.

படி 5: பொறுமையான ஒரு வாடிக்கையாளரிடம் இரண்டு வாரம் கொடுங்கள். சொல்லித் தராதீர்கள், போனில் எங்கே தடுமாறுகிறார் என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் “அந்த ஃபைலை மெயில்ல அனுப்பிடுங்களேன்” என்றால், அனுப்புவதற்கு முன் லாகின் பக்கத்தை ஒருமுறை நீங்களே உங்கள் போனில் திறந்து பாருங்கள்.